நான் கேளாத கால் மணித்தியாலம்

தம்பி,

நீயும் நிரோஜாவும் பிள்ளையும் வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் இன்றோடு ஆறு நாள். பாரிசில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாக நீ போனில் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். பதிலுக்குக் கைகூப்புகிற ஒரு படத்தை மட்டும் அனுப்பினேன். நான் எழுத வேண்டியதை அதில் அனுப்பினால் நீ ரெயிலில் நின்றபடி பாதியை வாசித்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவாய். அதனால்தான் கடதாசியில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். எழுத்து முன்போல் இல்லை, பொறுத்துக்கொள். வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்து, ஓரிடத்தில் இருந்து வாசி. முதலில் நீ தனியாக வாசி.

நீங்கள் இங்கே நின்ற பதினெட்டு நாளும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். இப்போது சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அம்மா கடைசியாகச் சொன்னது என்று நாலு வருசத்துக்கு முதல் நான் உனக்குச் சொன்ன வசனம் அம்மா சொன்னதல்ல. அது என் வாயில் அந்த நேரம் வந்தது. அம்மா உண்மையில் என்ன சொன்னா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணமும் நான்தான். அதைத்தான் எழுதப்போகிறேன்.

உனக்கும் அம்மாவுக்கும் இடையில் என்ன இருந்தது என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ போனுக்கு அந்தப் பக்கம் இருந்தாய். இந்தப் பக்கம் நடந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நீ கட்டப்போகும் நிரோஜா ஏற்கனவே ஒருமுறை கலியாணம் முடித்துப் பிரிந்த பிள்ளை என்று நீ சொன்ன அன்று அம்மா குசினிக்குள் போய் இரண்டு மணித்தியாலம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. காலையில் புடைத்து முடித்த அதே அரிசி. "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டேன். "என்னட்டைக் கேட்டோ அவன் முடிவெடுத்தவன்?" என்றா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போனை நிரோஜாவின் கையில் கொடுக்கும்போதெல்லாம் "எனக்கு அடுப்பிலை வேலை கிடக்கு" என்று என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போவா. நோய் முற்றி, அடுப்படிக்கே போக ஏலாமல் படுக்கையில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னா. படுத்தபடி "அடுப்பிலை வேலை கிடக்கு" என்று போனை நீட்டினா. நான் சிரித்துவிட்டேன். அவ சிரிக்கவில்லை. ஒன்றரை வருசம் இப்படி ஒரு சொல்லும் கதைக்காமலே இருவரும் மாமியும் மருமகளுமாக இருந்தார்கள்.

இனி, அம்மா கடைசியாகக் கதைத்த அந்த வியாழக்கிழமை. எங்கள் மேற்கு வளவுக்காரன் பரராசாவோடு அப்போது ஆறு வருசமாக எனக்குப் பேச்சில்லை. வேலி அடைக்கும்போதெல்லாம் கதியால் தடியை நாலு விரல் எங்கள் பக்கம் தள்ளி நடுகிறான் என்பது என் குற்றச்சாட்டு. காணி அளக்கும் கந்தோரில் முப்பத்தொரு வருசம் படம் வரைந்தவன் நான். ஊரில் எத்தனையோ பேருடைய எல்லையைக் கோடு பிசகாமல் வரைந்த எனக்கு என் சொந்த எல்லை பிசகலாமா என்று ஒரு வீம்பு. ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அம்மாவை வீட்டுக்கு விட்ட அந்தக் கிழமைதான் பரராசா வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டத் தொடங்கினான். அம்மாவின் கட்டில் மேற்கு யன்னலோடு கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு நான் நாள் முழுக்க இருந்தேன். என்ன அருமையான மனுசன், பெண்சாதியை விட்டு அசையவில்லை என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். யன்னலை விட்டும்தான் நான் அசையவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது.

மூன்று நாளாக அம்மா அதிகம் கதைக்கவில்லை. வியாழன் காலை பத்து மணியளவில் அரைத் தம்ளர் தேத்தண்ணி குடித்தா. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னா. "இஞ்சருங்கோ, கிட்ட வந்து இருங்கோ. உங்களோடை கதைக்கவேணும்" என்றா. கதிரையை இழுத்துக்கொண்டு போய் இருந்தேன். அம்மா கதைக்கத் தொடங்கினா. அதே நேரம்தான் வெளியே மதில் கட்டும் மேசன் நூல் கட்டத் தொடங்கினான். நூல் நீல நைலோன் நூல். கிழக்குப் பக்கமாகச் சரிந்து நின்ற முருங்கைக்கு அடியில் இரும்புக்கம்பி அடித்து அதில் முடிந்தான். மண்ணிறக் கட்டம் போட்ட சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். காதில் பென்சில். பதினொரு சீமெந்துக் கல் வைத்தான். பதினோராவது கல்லின் மூலை உடைந்திருந்தது, எடுத்து அப்பால் போட்டுவிட்டு வேறு கல் வைத்தான். எந்த மூலை என்று கேள். இடப்பக்க மேல் மூலை. இவ்வளவும் இன்றைக்கும் எனக்கு அப்படியே தெரிகிறது. அந்தக் கால் மணித்தியாலமும் என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி என் பெண்சாதி கதைத்துக்கொண்டிருந்தா. அவவின் குரல் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மழை பெய்வது கேட்பதுபோல. "கேட்டனீங்களோ?" என்று இடையில் ஒருமுறை கேட்டா. "ஓம்" என்றேன். கடைசியில் இன்னொரு முறை "கேட்டனீங்களோ?" என்றா. அதற்கும் "ஓம்" என்றேன். பிறகு தலையணையைத் தாழ்த்திவிடச் சொன்னா. பின்னேரம் மூச்சு மாறியது. அதன் பிறகு கதைக்கவில்லை. வெள்ளி மத்தியானத்துக்கு முதல் போய்விட்டா.

உன்னுடைய அகதி விண்ணப்பம் அப்போது முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக ஏலாது. செத்தவீட்டுச் சனம் நிறைந்திருந்த நேரம் யாரோ போனைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். நீ அழுதுகொண்டிருந்தாய். "அப்பா, அம்மா என்னைப் பற்றி ஏதும் சொன்னவாவோ?" என்று கேட்டாய். "ஓம்" என்றேன். பழக்கத்தில் வந்த ஓம் அது. "என்ன சொன்னவா?" என்றாய். சுற்றிவர முகங்கள். அம்மா கதைத்தபோது நான் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு அறைக்குள் நின்று அழுகிற உனக்கு எப்படிச் சொல்வது? "நிரோஜாவைக் கண்கலங்காமல் பார்க்கச் சொன்னவா. அவளும் எங்கடை பிள்ளைதான் எண்டவா" என்றேன். நீ போனைத் தள்ளிப் பிடித்து அதை அவளுக்குச் சொன்னது கேட்டது. பிறகு அவள் அழுதது கேட்டது. அந்த அழுகையைக் கேட்ட பிறகு சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க நீ அங்கிருந்து எழுதி அனுப்பினாய். நினைவுமலரின் முதல் பக்கத்தில், அம்மாவின் படத்துக்குக் கீழே, அந்த வசனம். அச்சுக்குப் போக முதல் பிழை பார்க்க அச்சகத்தார் என்னிடம்தான் தந்தார்கள். 'கண்கலங்காமல்' என்பதில் ஒரு ககரத்தை விட்டிருந்தார்கள். சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தேன். இருநூறு பிரதி அடித்து வீடு வீடாகக் கொடுத்தோம்.

பிறகு நீ ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டாய். எப்படிச் சொன்னவா, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் என்று. நானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதாக ஒருநாள் சொன்னேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டதாக இன்னொரு நாள் சொன்னேன். பொய் சொல்லும்போது எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியாது. போன முறை சொன்னதை மறக்கக் கூடாது, குரல் மாறக் கூடாது, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட வேண்டும். அம்மா உயிரோடு கதைத்தபோது கொடுக்காத கவனம் முழுவதையும் அவ சொல்லாத வசனத்துக்குக் கொடுத்தேன்.

இடையில் எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று ஒரு பயம் வந்தது. பயம் என்று எழுதுகிறேன், உண்மையில் அது ஒரு ஆசை. நோய் என்றால் பழி என் மேல் இல்லையே. யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போனேன். இளம் பிள்ளை. சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னா, மணிக்கூடு வரையச் சொன்னா. எல்லாம் வயதுக்குச் சரியாக இருக்கிறது என்றா. அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். இதை முதன்முதலில் கேட்டது அந்தப் பிள்ளைதான். பேனையை மேசையில் வைத்துவிட்டு முழுக்கக் கேட்டா. "ஐயா, நீங்கள் மறக்கேல்லை" என்றா. "அந்த நேரம் உங்கடை கவனம் வேறை இடத்திலை இருந்திருக்கு. காதிலை விழுந்தது எல்லாம் மனதிலை பதியிறதில்லை. பதிஞ்சிருந்தால்தானே மறக்கிறதுக்கு." எங்காவது ஆழத்தில் கிடக்கும், ஒருநாள் மேலே வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். "வராதோ பிள்ளை?" என்று கேட்டேன். அவ பேனையைத் திரும்ப எடுத்தபடி, "வந்தது மாதிரி இருந்தாலும் நம்பாதேங்கோ" என்றா.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க என்னிடம் வேறு என்னென்ன இல்லை என்று யோசித்தேன். நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த நாளை எடுத்துக்கொள். உனக்கு நாலு வயது. சைக்கிள் பாரில் இருந்தாய். பின்னால் இரண்டு சூட்கேசும் அரிசி மூட்டையும். பின் சில்லில் ஒரு கம்பி விட்டுப்போய் சில்லு மட்காட்டில் உரசிக்கொண்டு வந்தது. அந்தச் சில்லு உடைந்தால் எல்லாம் போச்சு என்ற பயத்தில் சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு உருட்டினேன். அந்த நாளில் இருந்து என்னிடம் இருப்பது அந்தச் சில்லு மட்டும்தான். இந்த முறை வந்தபோது நீ கேட்டாய், "அப்பா, அண்டைக்கு நான் அழுதனானோ?" என்று. "இல்லை, நீ கெட்டிக்காரன்" என்றேன். எனக்குத் தெரியாது தம்பி. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் நடந்த கிழவர் தன் ஆட்டுக்குட்டியைச் சால்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்ததையும், நீ அதற்கு உன் பிஸ்கட்டைக் கொடுக்கப் பார்த்ததையும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று சில்லைப் பார்த்ததற்காக நான் வெட்கப்படவில்லை. அது உடைந்திருந்தால் உங்களை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேனோ தெரியாது. ஆனால் அதற்குப் பிறகும், ஒரு பயமும் இல்லாத நாட்களிலும், நான் ஏதோ ஒரு சில்லைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். உன் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு வந்தேன், மேடையின் சட்டம் சரிந்திருந்தது ஞாபகம். நீ என்ன பரிசு வாங்கினாய் என்று தெரியாது. உன் சின்ன வயது முழுவதும் அம்மாவிடம்தான் இருந்தது. அவ கதைக்கும்போது கேட்டு வைத்திருந்தால் பாதியாவது என்னிடம் இருந்திருக்கும்.

நீங்கள் வந்து பன்னிரண்டாம் நாள். நீ பிள்ளையோடு சந்திக்குப் போயிருந்தாய். நிரோஜா அம்மாவின் அறையைக் கூட்டிவிட்டுக் கட்டிலின் விளிம்பில் இருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். "மாமா, மாமி அதைச் சொல்லேக்கை எந்தப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தவா?" என்று கேட்டாள்.

"என்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவா" என்றேன்.

"கோவமாவோ? கடமைக்குச் சொன்ன மாதிரியோ?"

"இல்லைப் பிள்ளை. ஆறுதலாச் சொன்னவா."

அவள் படுக்கைவிரிப்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு அது காணும் மாமா, அதுவே போதும். முதல் போன வீட்டிலை இரண்டு வருசம் இருந்தனான். அங்கை மாமி எண்டவ என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இவா என்னைக் காணாமலே என்ரை பேரைச் சொல்லியிருக்கிறா."

அந்த நிமிசம் எனக்கு ஒன்று நடந்தது. கட்டிலைப் பார்த்தேன். அம்மா தலையணையில் சாய்ந்திருந்து, என் கையைப் பிடித்து, நிரோஜாவின் பெயரைச் சொல்வது தெரிந்தது. உதடு அசைவதுகூடத் தெரிந்தது. நான் கட்டிய பொய் அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது உண்மையான ஒரு ஞாபகம்போல் வந்து நின்றது. இன்னும் இரண்டு மூன்று வருசத்தில் நானே அதை நம்பிவிடுவேன் என்று அப்போதுதான் விளங்கியது. நானும் நம்பிவிட்டால், அம்மா கதைத்தது ஒன்று இருந்தது, அது தொலைந்துபோனது என்று அறிந்த ஆள் உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். அந்தப் பயத்தில்தான் அடுத்த நாள் காலை வெளிக்கிட்டேன். நீர்வேலிக்கு வாழைப்பழம் வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கும். அந்த மேசனைத் தேடித்தான் போனேன். யன்னலுக்குக் கீழே நின்றவன் அவன். அவனுடைய காதில் ஏதாவது விழுந்திருக்கலாம்.

மேசன் நீர்வேலிப் பக்கத்து ஆள் என்று மட்டும் தெரியும், யார் என்று பரராசாவிடம்தான் கேட்க வேண்டும். பத்து வருசத்துக்குப் பிறகு அவனுடைய படலையைத் தட்டினேன். வெளியே வந்தவன் முதலில் கேட்டது, "மதிலிலை ஏதும் பிழையோ?" என்றுதான். "நான் அளக்கேல்லை" என்றேன். உண்மைதான், இன்றுவரை அளக்கவில்லை. மேசனின் வீடு எங்கே என்று கேட்டேன். சொன்னான். நான் சைக்கிளைத் திருப்பும்போது, "அக்கான்ரை செத்தவீட்டுக்கு நான் வரேல்லை. வந்தால் நீங்கள் என்ன சொல்லுவியளோ எண்டு இருந்திட்டன்" என்றான். "வந்திருந்தால் நான் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றேன். அவ்வளவில் சைக்கிளில் ஏறினேன்.

மேசனின் பெயர் யோகன். வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு. முழங்கால் நோவினால் இப்போது வேலைக்குப் போவதில்லை. என்னைக் கண்டதும் அடையாளம் மட்டுக்கட்டினான். அடுத்த நாளே செத்தவீடு என்று வேலையை நிறுத்தச் சொன்னதால் அந்த மதில் தனக்கு மறக்கவில்லை என்றான். "அண்டைக்குக் காலமை உள்ளை என்ரை மனுசி கதைச்சுக்கொண்டிருந்தவா. உமக்கு ஏதும் கேட்டதோ?" என்றேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். "நீங்கள்தானே ஐயா பக்கத்திலை இருந்தனீங்கள்?" என்றான். "இருந்தனான்" என்றேன்.

"நீங்கள் எங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். நூல் பிழைச்சால் கத்தப்போறார் எண்டு எனக்கு உள்ளுக்குப் பயம். அதாலை நானும் யன்னலை இடைக்கிடை பாத்தனான்."

"அவா?"

"அவா உங்களைப் பாத்துக்கொண்டிருந்தவா."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஒண்டு மட்டும் கேட்டது. எங்களைத்தான் பேசுறாவாக்கும் எண்டு நினைச்சுக் காது குடுத்தனான். 'நீங்கள் அதைப் பாருங்கோ, நான் என்ரை பாட்டிலை சொல்லுறன்' எண்டவா. கோவமாச் சொல்லேல்லை, சாதாரணமாத்தான்."

"பிறகு?"

"பிறகு எங்களைப் பற்றிக் கதையில்லை எண்டு தெரிஞ்சுது ஐயா. நான் கல்லைப் பாத்தன்."

அவ்வளவுதான் தம்பி. நாலு வருசத்துக்குப் பிறகு அம்மாவின் கடைசிக் கதையில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வசனம். அதுவும் வேறு ஒருவனின் காதிலிருந்து. அவன் அதைக் கேட்டதே தன்னைப் பற்றி என்று நினைத்ததால்தான். ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வரும் வழியில் உரும்பிராய்ச் சந்திக்கு முதல் சைக்கிளை விட்டு இறங்கி நடந்தேன். முதலில் எனக்கு அம்மாவின் மேல் கோபம்தான் வந்தது. அவவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவில்லை என்று தெரிந்தும் ஏன் பேசாமல் விட்டா? ஒரு சத்தம் போட்டிருக்கலாம், என் தாடையைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். பிறகுதான் நினைத்தேன், முப்பத்தெட்டு வருசம் அவ அப்படித்தான் என்னோடு கதைத்திருக்கிறா. நான் பேப்பரைப் பார்க்க, படத்தைப் பார்க்க, வேலியைப் பார்க்க, அவ தன் பாட்டில் சொல்லுவா. அன்றைக்கும் அப்படியே சொன்னா. கடைசி நாள் என்று அவவுக்குத் தெரிந்திருக்குமோ இல்லையோ, அதை மாற்ற அவவுக்குத் தோன்றவில்லை. நீ அந்தப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டே "நல்ல பழம் அப்பா" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதே. பதினைந்தாம் நாள் உன் மகள் முற்றத்தில் குந்தியிருந்து எறும்புகள் ஒரு ஈசலின் செட்டையை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்து உன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதை உனக்குச் சொன்னாள். செட்டை ஒரு கல்லில் மாட்டிக்கொண்டதாம், ஒரு எறும்பு திரும்பி வந்து தூக்கிவிட்டதாம். நீ வேலையிடத்துக்கு ஏதோ எழுதிக்கொண்டு "ஓம் குஞ்சு, ஓம்" என்றாய். அந்த ஓம் எனக்கு நல்லாகத் தெரிந்த ஓம். அவள் உன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சொல்லுவதை நிறுத்தாமல் முழுவதையும் சொல்லி முடித்தாள். நீ கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டும் சொன்னாள். மூன்று வயதில் அதைப் பழகிவிட்டாள். உனக்கு உழைக்க வேண்டும், விளங்குகிறது. எல்லாவற்றையும் ஒருவராலும் கவனிக்க ஏலாது. ஆனால் கேட்க நேரமில்லை என்றால் நேரமில்லை என்று அவளுக்குச் சொல்லிவிடு. கேட்டதுபோல் ஓம் சொல்லாதே. நான் அம்மாவிடம் "கொஞ்சம் பொறும், மதில்காரன் நூல் கட்டுறான்" என்று சொல்லியிருந்தால்கூட அவ பொறுத்திருந்து பிறகு சொல்லியிருப்பா. ஓம் என்று சொன்னதால்தான் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்தா.

நீங்கள் வெளிக்கிட்ட காலை நிரோஜா அந்தக் கல்வெட்டை ஒரு துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அம்மாவின் படத்தைப் பிள்ளைக்குக் காட்டி, "இது அப்பம்மா. அம்மாவைத் தன்ரை பிள்ளை எண்டு சொன்னவா" என்றாள். பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ என் தோளைப் பிடித்து, "அந்த வசனம் இல்லாட்டி இவளை இஞ்சை கூட்டிவந்திருக்க ஏலாது அப்பா" என்றாய். வான் போன பிறகு உள்ளே வந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஆறு நாள் பிடித்தது.

நிரோஜாவுக்குத் தனியாக இரண்டு பக்கம் எழுதி இதே உறைக்குள் வைத்திருக்கிறேன். அதைக் கொடுப்பதா விடுவதா என்ற பாரத்தை உன் தலையில் வைக்கமாட்டேன். கொடு. மாமி உன்னை ஏற்றுக்கொண்டாவோ தெரியாது என்று அவளுக்கு எழுதியிருக்கிறேன். ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம், இல்லை என்று சொல்லியிருக்கலாம், உங்களைப் பற்றிய கதையே இல்லாமல் கிணற்றுக்கட்டு வெடித்திருப்பதைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்ததை மட்டும் பிறகு எழுதினேன். நீங்கள் வந்த நாலாம் நாளில் இருந்து என் கறியை உறைப்பில்லாமல் வேறு சட்டியில் அவள் வைத்தாள். உறைப்புச் சாப்பிட்டால் எனக்கு இருமல் வரும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாள். நான் பெற்ற உனக்கும் அது தெரியாது. வெங்காயம் உரிக்கும்போது கண்ணைப் புறங்கையால் துடைக்காமல் தோளில் துடைப்பாள். பிள்ளை நித்திரையாகும்வரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாள், சுருதி சேராது. இவை நான் கண்ணால் பார்த்தவை. அவள் எங்கள் பிள்ளைதான் என்று இந்த முறை என் பெயரில் எழுதியிருக்கிறேன். அம்மா சொன்னதாக இருந்தபோது அதற்கு இருந்த மதிப்பு இப்போது இராது. இனி என்னை மாமா என்று கூப்பிடுவாளோ தெரியாது. கூப்பிடாவிட்டால் அதற்கு அவளிடம் நியாயம் இருக்கிறது.

உனக்கும் கோபம் வரும். இரண்டு கிழமை, ஒரு மாதம் கூப்பிடாமல் இருக்க நினைப்பாய். அம்மா இருந்தால் இடையில் நின்று ஏதாவது சொல்லியிருப்பா. இப்போது இந்த வீட்டில் நான் மட்டும்தான். கோபம் ஆறட்டும் என்று பார்த்திருக்காதே தம்பி, கோபத்தோடேயே போன் எடு. என்னிடம் மிச்சம் இருக்கிற நாட்களில் நீ ஏசியதாவது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கட்டும்.

அப்பா